முழுநிலவும் கத்திரியும்: திருவண்ணாமலையின் கோடை விடுமுறை வானிலை

கோடை விடுமுறையில் திருவண்ணாமலைக்கு வரும் கூட்டம் பள்ளிகளின் நாட்காட்டியையும் நிலவின் நாட்காட்டியையும் ஒருசேரப் பின்பற்றுவதால், விடுமுறையும் பௌர்ணமியும் வார இறுதியில் வந்து கூடும் நாட்களில் அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை முழுவதும் மனிதர்களால் நிறைந்துவிடுகிறது. 2026ஆம் ஆண்டில் இக்கூடுகை ஒரே மாதத்தில் இருமுறை நிகழ்கிறது. சித்ரா பௌர்ணமி மே 1, வெள்ளிக்கிழமை, தொழிலாளர் தின விடுமுறையன்று அமைந்து, சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறையாகிறது. நிலவு முழுமை பெறும் நேரம் அன்றிரவு 10.53 மணி. அடுத்த முழுநிலவு மே 31, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.15 மணிக்கு நேர்வதால், அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவே கிரிவலத்துக்குரிய இரவாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், மே 4 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 25 நாட்கள் நீளும் கத்திரி வெயில் இருக்கிறது. அந்த வார இறுதிகளில் வெயில் எவ்வளவு, மழை உண்டா என்ற கேள்விக்கு வானிலை அறிவியல் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாது என்பது, இவ்வூரின் மலையையும் காற்றையும் ஏரிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகும்.

பஞ்சாங்கக் கணக்கில், சூரியன் பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் நுழைவது முதல் கிருத்திகையைக் கடந்து ரோகிணியின் முதல் பாதத்தை முடிப்பது வரையுள்ள காலமே அக்னி நட்சத்திரம். கத்திரி என்பது அதன் வழக்குப் பெயர். கிருத்திகைக்கு அதிதேவதை அக்னி என்பதாலும், பஞ்சபூதத் தலங்களுள் திருவண்ணாமலை நெருப்புக்குரியது என்பதாலும், இக்காலம் இங்கே தனிக் கவனத்தோடு நடத்தப்படுகிறது. அருணாசலேசுவரர் கோயிலில் கத்திரி நாட்களில் மூலவருக்கு மேலே தாரா பாத்திரம் கட்டப்பட்டு, அதிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக இலிங்கத்தின் மீது விழும்படி தாராபிஷேகம் செய்யப்படுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை கத்திரி என்ற பகுப்பைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றாலும், பழைய கணிப்பு அனுபவத்துக்குப் புறம்பானது அன்று. திருவண்ணாமலை 12.2 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் சூரியன் அதன் உச்சிக்கு நேராக வருவது ஏப்ரல் 22ஐ ஒட்டிய நாட்களில்தான். ஆயினும் வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற ஈரம் மண்ணிலிருந்து முற்றிலும் வற்றிப்போக, முன்பு நீரை ஆவியாக்குவதில் செலவான வெப்பம் இப்போது காற்றைச் சூடாக்குவதில் முழுமையாக இறங்குகிறது. நிலமும் நாளுக்கு நாள் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே வருகிறது. அதனால் உச்ச வெப்பம் மே மாதத்துக்குத் தள்ளிப்போகிறது.

எனினும் கத்திரியை வேலியிட்ட காலமாகக் கொள்வது பிழையாகும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பின்னர். 2024இல் தமிழகத்தின் உள்மாவட்டங்கள் ஏப்ரல் இறுதியிலேயே, கத்திரி தொடங்கும் முன்பே, கடும் வெப்பத்துக்கு உள்ளாயின. ஆகவே 2026இன் இரண்டு பௌர்ணமி வார இறுதிகளும் கத்திரிக்கு வெளியே விழுகின்றன என்பது எவ்வகையிலும் ஆறுதலுக்குரிய செய்தி அன்று.

சமவெளி நிலையம் ஒன்றில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, அந்த நாளுக்குரிய இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால், அதனை வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. இயல்பிலிருந்து விலகல் 6.4 டிகிரியைத் தாண்டினால் அது கடும் வெப்ப அலை. கடலோர நிலையங்களுக்கு இந்த வரம்பு 37 டிகிரியாகும். இவ்வரையறையில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது: மே மாதத்தில் வேலூர், திருவண்ணாமலை போன்ற உள்மாவட்டங்களின் இயல்பு வெப்பநிலையே உயரமாக இருப்பதால், 40 டிகிரியைத் தொடும் நாள்கூட வெப்ப அலை என்ற பெயரைப் பெறாமல் போகலாம். பெயர் சூட்டப்படவில்லை என்பதால் வெயிலின் கடுமை குறைந்துவிடுவதில்லை. வெப்பமானி வெயில் படாத பெட்டிக்குள், தரையிலிருந்து ஓராளுயரத்துக்குச் சற்றுக் கீழே வைக்கப்பட்டுக் காற்றின் சூட்டை மட்டும் அளக்கிறது. கிரிவலம் செல்வோரோ காலணி இன்றி நடக்கின்றனர். காற்று 40 டிகிரியில் இருக்கும் பிற்பகலில் வெயில் நேராக விழும் தார்ச்சாலை 60 டிகிரியைக் கடந்துவிடுவது இயல்பு என்பதால், செய்தியில் வரும் எண்ணும் உள்ளங்கால் உணரும் எண்ணும் இருவேறானவை. வெயிலைத் தாங்க முடியாமல் சாலையின் ஓரத்து மண்ணுக்கு ஒதுங்கி நடக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் மனத்தில் கொண்டு பார்த்தால், காற்றின் வெப்பநிலையோடு தரையின் வெப்பநிலையையும் அறிவிக்கும் வழக்கம் இவ்வூருக்கு மிக அவசியமானது என்பது புரியும்.

பகலைவிட இரவு குறைவாகப் பேசப்படுகிறது; ஆனால் கிரிவலம் பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. மரமற்ற பாறைச் சரிவுகளும் கட்டடங்களும் சாலையும் பகலில் உள்வாங்கிய வெப்பத்தை இருட்டிய பின் மெல்ல மெல்ல வெளியிடுவதால், சூரியன் மறைந்து மூன்று நான்கு மணி நேரம் வரை மலையடிவாரம் எதிர்பார்த்த அளவு குளிர்வதில்லை. அதோடு கிழக்கிலிருந்து கடற்காற்று வந்து சேரும் இரவுகளில் வெப்பநிலை இறங்கினாலும் ஈரப்பதம் ஏறிவிடுகிறது. மனித உடல் வியர்வை உலர்வதால் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் உடலிலேயே தங்கி, நடையினால் உடலுக்குள் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றிப் போகிறது. நள்ளிரவில்கூட நெரிசலுக்கு நடுவே ஒருவர் தலைசுற்றி விழுவதற்கு இதுவே காரணம். குழப்பமான பேச்சு, வியர்வை நின்றுபோன சூடான தோல், உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுதல் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அடையாளங்கள். அந்நிலையில் உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108க்குத் தகவல் தரவேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெப்பத் தாக்கத்தால் நேரும் சாவுகளுக்கும் நிவாரணம் உண்டு என்பதை உறுதி செய்த நல்ல முடிவாகும்.

வெயிலும் கோடை மழையும் எதிரெதிரானவை என்ற எண்ணம் பொதுவாக நிலவினாலும், திருவண்ணாமலையில் இரண்டும் ஒரே நாளின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஆகும். காலை முழுவதும் சூடேறிய தரைக்காற்று எடை குறைந்து மேலெழுவதும், மேலே குளிர்ந்து அதன் ஈரம் நீர்த்துளிகளாகித் திரள் மேகமாவதும், அந்த மேகம் போதிய ஈரம் கிடைத்தால் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரம் வரை வளர்ந்து இடி, மின்னல், மழை ஆகியவற்றைத் தரும் கார்திரள் மேகமாவதும் வெப்பச்சலனம் எனப்படும். வெறும் சூடு மட்டும் இதற்குப் போதாது. ஈரமும் வேண்டும், காற்று ஓரிடத்தில் குவிந்து மேலே தள்ளப்படவும் வேண்டும். ஈரத்தை வங்கக்கடல் தருகிறது. புதுச்சேரிக் கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், முற்பகலில் அங்கே தொடங்கும் கடற்காற்று மாலையில் சில நாட்களில் மட்டும் திருவண்ணாமலை வரை எட்டுகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் இந்தக் கடற்காற்றும் மோதும் கோட்டில் காற்று குவிகிறது. மேலே தள்ளும் வேலையைக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை பிற்பகலிலேயே தொடங்கிவிடுகிறது. வெயில் பட்ட சரிவுகளில் காற்று ஏறி, சமவெளியில் வானம் வெளுத்திருக்கும்போதே அங்கே மேகம் கட்டத் தொடங்குகிறது. மேலடுக்கில் மேற்குக் காற்று வீசும் நாட்களில் அந்த மேகங்கள் மாலையில் போளூர், செங்கம், திருவண்ணாமலைப் பக்கம் நகர்கின்றன.

இங்கேதான் அண்ணாமலையின் இருப்பிடம் முக்கியமாகிறது. கோயிலும் நகரின் பெரும்பகுதியும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. 800 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள மலையுச்சி, நகரத்தின் தரைமட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் அதிகமாக எழுந்து, கோயிலுக்கு வடமேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. ராஜகோபுரத்தின் பக்கமிருந்து பார்ப்பவருக்கு அத்திசையில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி வரை வானம் மறைந்துவிடுகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்த இடிமேகம்கூட 30 கிலோமீட்டருக்குள் நெருங்கிய பிறகே மலைக்கு மேலே முழுமையாகத் தலைகாட்டும் என்பது எளிய கணக்கு. மேகம் மணிக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், அது கண்ணில் பட்டதற்கும் மழை விழுவதற்கும் இடையே ஒரு மணி நேரமே இருக்கும். திடீரென மழை பிடித்துக்கொண்டது என்று நகரில் சொல்லப்படுவதன் பின்னே இந்த மலை இருக்கிறது.

கிரிவலப் பாதையில் எண்திசைக் காவலர்களின் பெயரால் அமைந்த எட்டு இலிங்கங்கள் இந்தச் சிக்கலுக்கு நல்ல வழிகாட்டிகளாகின்றன. மலையை வலப்புறம் வைத்து, கிழக்கே இந்திர இலிங்கத்தில் தொடங்கி, அக்னி, எமன், நிருதி இலிங்கங்களைக் கடந்து தெற்கு வழியாக மேற்கை அடைபவருக்கு, வருண இலிங்கத்தின் அருகில்தான் மேற்கு வானம் தடையின்றித் திறக்கிறது. மழைக்குரிய தெய்வத்தின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில் நின்று மேற்கையும் வடமேற்கையும் ஒருமுறை கூர்ந்து பார்ப்பது பயனுள்ள பழக்கம். பிற்பகல் 4 மணிக்குப் புறப்படுபவர் மாலை ஆறரை, ஏழு மணி வாக்கில் மேற்குப் பகுதியை அடைவார் என்பதால், ஜவ்வாதிலிருந்து மேகம் இறங்கும் நேரமும் அவர் அங்கே நடக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. மின்னல் தெரிந்த பிறகு இடி கேட்கும் வரை எண்ணும் விநாடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அந்த இடைவெளி 30 விநாடிக்குக் குறைந்தால் மரத்தடியையும் வெட்டவெளியையும் விட்டுக் கட்டடத்துக்குள் செல்வதும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருப்பதும் உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் விதி.

இனி, முன்னறிவிப்பை வாசிக்கும் முறை. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களுள் 25 விழுக்காடு வரையிலான இடங்களில் மழை பதிவாகலாம் என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்பது 26 முதல் 50 விழுக்காடு வரை. மழை பெய்யும் என்று சொன்னார்கள், பெய்யவில்லை என்ற குறைபாட்டில் பெரும்பங்கு இச்சொற்களின் பொருள் மக்களிடம் போய்ச் சேராததால் எழுவது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பரப்பு ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வந்தவாசி முதல் ஜமுனாமரத்தூர் வரை அதற்குள் அடங்கும். ஒரு கோடை இடிமேகமோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலமே உடையது. ஒரு மேகக்கூறின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது. செங்கத்தில் சாலையில் வெள்ளம் ஓடும்போது கோயில் வாசலில் புழுதி பறப்பது முன்னறிவிப்பின் தோல்வி அன்று, அம்மழையின் இயல்பு.

2025 மே மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்த ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ என்ற கணினி மாதிரி, முன்பு 12 கிலோமீட்டராக இருந்த கட்ட அளவை 6 கிலோமீட்டராகக் குறைத்தது. உலகளாவிய மாதிரிகளுள் இது மிக நுண்ணிய ஒன்று. அப்படியிருந்தும், பதினான்கு கிலோமீட்டர் சுற்றளவுள்ள அண்ணாமலை முழுவதும் ஏறத்தாழ அதன் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், மலையின் கிழக்குப் பக்கத்துக்கும் மேற்குப் பக்கத்துக்கும் அந்தக் கணக்கில் வேறுபாடு இல்லை. சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் நேர்கோட்டில் 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; புவியின் வளைவினால் அதன் அலைக்கற்றை திருவண்ணாமலைக்கு வரும்போது இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது; அதனால் வளர்ந்த மேகத்தைத் தெளிவாகக் காட்டினாலும், தரையை ஒட்டி எழும் காற்றின் தொடக்கக் குவிதலை அது பார்ப்பதில்லை. எனவே இவ்வூரின் கோடை மழைக்கு மிகவும் நம்பத்தக்கது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்ட வாரியாக வெளியாகும் உடனடி அறிவிப்பே. தமிழக அரசின் டிஎன்-அலர்ட், புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி ஆகிய செயலிகள் அச்செய்தியைக் கைப்பேசிக்குக் கொண்டுவருகின்றன. நிற எச்சரிக்கைகளில் மஞ்சள் கவனித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாக இருக்கவும், சிவப்பு உடனே செயல்படவும் சொல்பவை. அவை மழையின் அளவோடு அதன் பாதிப்பையும் கருதி இடப்படுகின்றன.

பத்து நாட்களுக்கு முன்பே வார இறுதியின் வானிலையைச் சொல்லிவிடும் செய்திகளை எச்சரிக்கையோடு அணுகவேண்டும். ஐந்து நாள் வரை வெப்பநிலையின் போக்கை நம்பலாம். அதற்கு அப்பால் வாரச் சராசரியையே பேச முடியும். மே மாதத்தில் வங்கக்கடலில் உருவாகும் புயல் அந்தச் சராசரியையும் கலைத்துவிட வல்லது. 2019 ஏப்ரல் இறுதியில் ஃபானி புயல் தமிழக, ஆந்திரக் கரையை நோக்கி வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக எழுந்தது. அது வடக்கே திரும்பி மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரை கடந்தது. அவ்வாறு விலகிச்செல்லும் புயல் மழையைத் தராததோடு நில்லாமல், ஈரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வறண்ட மேற்குக் காற்றைத் தமிழகத்தின் மீது வரவழைத்து, வெயிலை மேலும் கடுமையாக்கிவிடுகிறது.

நீர்நிலைகளைத் தேடிச் செல்லும் விடுமுறைக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட நிலம். நகரை ஒட்டியே சமுத்திரம் ஏரியும் வேங்கிக்கால் ஏரியும் இருக்கின்றன. ஆனால் வானிலையை மாற்றும் ஆற்றல் பேரேரிகளுக்கே உண்டு: ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 69,000 சதுர கிலோமீட்டர் பரந்த விக்டோரியா ஏரி தனக்கென ஒரு காற்றோட்டத்தை உண்டாக்கி, இரவில் தன் மீதே இடிமழையை வரவழைத்து மீனவர்களின் உயிரைப் பறிக்கிறது. மழைநீரைத் தேக்கும் நம் ஏரிகளோ ஆழமற்றவை. மே மாதத்தில் நாளொன்றுக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் நீர் ஆவியாகிப் போவதால், எஞ்சிய நீரும் ஒரு மாதத்தில் ஒரு சாணுக்குக் குறையாமல் இறங்குகிறது. அவற்றுக்கு ஊரைக் குளிர்விக்கும் ஆற்றல் கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்கு மேல் இல்லை. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட, 119 அடி உயரமும் 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட சாத்தனூர் அணைக்கும் இது பொருந்தும்: அங்கே பூங்காவின் மரநிழல்தான் குளிர்ச்சி தருகிறது, நீர்ப்பரப்பு அன்று. இடிமேகம் வரும்போது வறண்ட ஏரிப்படுகையிலும் அணையின் திறந்த கரையிலும் நிற்கும் மனிதரே சுற்றிலும் உயரமான பொருளாகிவிடுவதால், மின்னலுக்கு மிகவும் ஆபத்தான இடங்கள் அவையே. இதே அணையிலிருந்து 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டதும், அதற்கு முந்தைய நாள் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்ததும் மறக்கத்தக்கவை அல்ல; கோடை இடிமழை அந்த அளவை எட்டாது என்றாலும், அரை மணி நேரத்தில் கொட்டும் மழை சரிவின் ஓடைகளில் திடீர் நீரைக் கொண்டுவரப் போதுமானது.

ஜவ்வாது மலை உண்மையிலேயே குளிர்ச்சி தரும் இடம். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைவதால், ஜமுனாமரத்தூர்ப் பகுதி சமவெளியைவிட நான்கு டிகிரி அளவுக்கு இதமாக இருக்கும். ஆனால் மேகம் முதலில் கட்டுவதும் அங்கேதான் என்பதால், பீமன் அருவிக்கும் கோலப்பன் ஏரிக்கும் செல்வோர் பிற்பகல் இரண்டு மணிக்குள் மலைச்சாலையில் இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் கொண்டு பார்க்கும்போது, இரண்டு வார இறுதிகளின் இயல்பான போக்கை ஓரளவு வரையலாம். மே முதல் நாளை ஒட்டிய மூன்று நாட்களில் காற்று பொதுவாக வலுவற்றது. கடற்காற்று உள்ளே வர வாய்ப்பு அதிகம். ஆகவே பகலில் கடும் புழுக்கம், மாலை 4 முதல் இரவு 9 வரை ஆங்காங்கே இடிமழை, நள்ளிரவுக்குப் பின் தெளிந்த வானம் என்பது அக்காலத்தின் வழக்கமான வரிசை. நிலவு முழுமை பெறும் நேரத்தையொட்டி நடையைத் தொடங்குபவர் வெயிலையும் இடியையும் ஒருசேரத் தவிர்க்கிறார். மே 30, 31 நாட்களில் நிலை வேறு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 என்பதால், அதற்குள் மேற்குக் காற்று வலுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வந்து சேர்கிறது; கடற்காற்று பிந்துகிறது அல்லது வராமலே போகிறது; பிற்பகல் வெப்பம் மே தொடக்கத்தைவிட மிகலாம், புழுதிக் காற்றும் இருக்கலாம். அந்தக் காற்று சற்றுத் தளரும் மாலைகளில், இடிமேகங்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஒழுங்காக நகர்ந்து வருகின்றன. அத்தகைய மாலைகள் ஜூனிலும் ஜூலையிலும் தொடர்ந்து வருவதால்தான், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் இம்மாவட்டத்தில் தென்மேற்குப் பருவ மாதங்களின் பங்கும் வடகிழக்குப் பருவத்தின் பங்கும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. மே இறுதியில் கிரிவலக் கூட்டத்தை நனைக்கும் மழையே, செங்கத்திலும் போளூரிலும் மானாவாரி நிலக்கடலைக்காக நிலத்தை உழக் காத்திருப்போருக்குத் தேவையான ஈரத்தையும் தருகிறது.